பாசி யார் வீட்டு அடுப்பை எரிக்கும்?

*எண்ணெய்க் கனவில் கோடிக்கணக்கான டாலர்கள் கரைந்துபோயின. மண்டபம் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் பெண்களிடம் இருப்பது வேறொரு கணக்கு.*

மண்டபத்தை அடுத்த முனைக்காடு. மீனவர்கள் 'வடகடல்' என்று சொல்லும் பாக் விரிகுடா, காலை வெயிலில் குளம்போலக் கிடக்கிறது. புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்ட பெண்கள், இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்க் கயிற்றை அவிழ்க்கிறார்கள். பத்தடிக்குப் பத்தடி மூங்கில் மிதவை ஒன்று மெல்லக் கரைக்கு வருகிறது. அதன் குறுக்கே இருபது கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் பழுப்பும் பச்சையுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பாசி. மீன்கள் கடித்துத் தின்றுவிடாமல் அடியில் வலை விரித்திருக்கிறது. மிதவை கரையைத் தொட்டதும் கைகள் பரபரக்கின்றன. ஒருத்தி அறுக்க, ஒருத்தி விதைப்பாசியைத் தனியே பிரிக்க, இன்னொருத்தி அதை மறுபடி கயிற்றில் முடிச்சுப் போடுகிறாள். வெயில் ஏறுவதற்குள் மிதவை திரும்பக் கடலுக்குப் போய்விட வேண்டும். மிச்சப் பாசி மணலில் காயும். இந்தக் கரையில் அதற்கு 'பெப்சி பாசி' என்று பெயர். அறிவியல் ஏட்டில் அது கப்பாபைகஸ் அல்வரேசி. 2000களின் தொடக்கத்தில் அதை ஒப்பந்த முறையில் இங்கே வளர்க்க வைத்தது பெப்சிகோ. அந்த நிறுவனம் 2008லேயே இந்தத் தொழிலை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு விலகிவிட்டது. பெயர் மட்டும் கரையில் ஒட்டிக்கொண்டது.

பாசியிலிருந்து பெட்ரோலுக்கு மாற்று எடுக்கலாம், அதை வைத்துக் கிராமங்களைத் தன் காலில் நிற்க வைக்கலாம் என்ற பேச்சு மீண்டும் சூடு பிடித்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு, ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்கா, பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் கடற்பாசி உற்பத்தியை 11 லட்சம் டன்னுக்குக் கொண்டுபோகும் இலக்கு என்று அறிவிப்புகள் வரிசையாக வந்ததால் பிறந்த சூடு இது. பாசி கிராமத்தை வாழவைக்கும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் எண்ணெயை முன்னால் நிறுத்திய திட்டங்கள் ஏன் கவிழ்ந்தன என்று பார்க்காமல் இறங்கினால், முனைக்காட்டுப் பெண்கள் இன்னொரு கம்பெனியின் பெயரைப் பாசிக்குச் சூட்டிவிட்டு நிற்க வேண்டியதுதான். எரிபொருள் கடைசியில் வரவேண்டியது. ஆலை யாருக்குச் சொந்தம் என்பது முதலில் வரவேண்டியது. இந்த வரிசை மாறிய இடமெல்லாம் தோல்வி நடந்திருக்கிறது.

எண்ணெய் தேடிப் போனவர்கள்

நுண்பாசி என்பது குளத்து நீரைப் பச்சையாக்கும், கண்ணுக்குத் தெரியாத உயிர். சில இனங்களின் உடல் எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய். விளைநிலம் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம், உப்புநீரும் வெயிலும் கரியமில வாயுவும் போதும். கேட்டால் யாருக்கும் ஆசை வரும். எண்ணெய் நெருக்கடியில் தவித்த அமெரிக்கா 1978ல் இதற்கென்றே அரசுத் திட்டம் தொடங்கி, 18 ஆண்டுகள் நடத்தி, 1996ல் மூடியது. 2000களில் கச்சா எண்ணெய் விலை ஏறியதும் தனியார் பணம் பாய்ந்தது. எக்ஸான்மொபில் 60 கோடி டாலர் வரை செலவிடப்போவதாக அறிவித்தது. 2022 முடிவில் அதுவும் கையை உதறிவிட்டது.

ஏன்? விஞ்ஞானிகளுக்குத் திறமை போதவில்லை என்று சொல்ல முடியாது. தடை தண்ணீரில் இருக்கிறது. திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீரில் வளரும் பாசி அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரைதான். அதில் கால் பங்கு எண்ணெய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் காய்ந்த பாசி வேண்டும். அதைப் பிரித்தெடுக்க 3,600 முதல் 7,200 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்ட வேண்டும். பிறகு உலர்த்த வேண்டும், எண்ணெயைப் பிழிய வேண்டும். இதற்கெல்லாம் மின்சாரமும் வெப்பமும் செலவாகும். எரிபொருள் எடுக்க எரிபொருளையே எரிக்கும் கதை. உரக் கணக்கு இன்னும் கடுமை. அமெரிக்காவின் வாகன எரிபொருளில் 5 சதவீதத்தைப் பாசியிலிருந்து எடுப்பதானால், அந்த நாடு அப்போது பயன்படுத்திய மொத்தத் தழைச்சத்தில் 44 முதல் 107 சதவீதம் வரை தேவைப்படலாம் என்று அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012ல் கணக்குப் போட்டுக் காட்டியது. ஊரின் வயலுக்குப் போகவேண்டிய உரத்தைக் குளத்தில் கொட்டி, வண்டிக்கு எண்ணெய் எடுப்பதை எந்தக் கிராமப் பொருளாதாரமும் தாங்காது.

இதைவிட அடிப்படையான சிக்கல் விலையில் இருக்கிறது. எரிபொருள் என்பது எரித்துத் தீர்க்கும் பொருள். அதன் விலைக்கு மேலே கச்சா எண்ணெய் என்ற கூரை எப்போதும் இருக்கும். அந்தக் கூரை எப்போது தாழும், எப்போது உயரும் என்பது கிராமத்தின் கையில் இல்லை. பாசியைத் தொட்ட நிறுவனங்களில் பிழைத்துக் கிடப்பவை எவை என்று பார்த்தால் இது விளங்கும்: சத்து மாத்திரை, நிறமி, உணவுச் சேர்மானம் விற்றவை. அமெரிக்கக் கப்பற்படைக்கு எரிபொருள் கொடுத்துப் பெயர் வாங்கிய சோலசைம் நிறுவனம், பிறகு எண்ணெயை விட்டு உணவுப் பக்கம் திரும்பிப் பெயரை மாற்றிக்கொண்டும் மீள முடியாமல், 2017ல் திவாலானது. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரிலோ, ஒரு சொட்டு எரிபொருள் எடுக்காமல் ஸ்பைருலினா என்ற பாசியை வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். அந்த ஸ்பைருலினாவைக் கிராமத்துப் பெண்களே வளர்க்கும் அளவுக்கு எளிமையாக்க முடியும் என்று சென்னை முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தில் விஞ்ஞானி சி.வி. சேஷாத்ரி பல ஆண்டுகளுக்கு முன்பே பாடுபட்டார். அவர் அதைச் சத்துணவாகத்தான் பார்த்தார்.

> பாசி எண்ணெய்: கனவின் நாட்குறிப்பு
>
> 1978 – அமெரிக்க எரிசக்தித் துறையின் பாசித் திட்டம் தொடக்கம்.
>
> 1996 – சுமார் 2.5 கோடி டாலர் செலவுக்குப் பின் திட்டம் நிறுத்தம்.
>
> 2009 – எக்ஸான்மொபில், கிரெய்க் வென்டரின் சிந்தெட்டிக் ஜெனோமிக்ஸ் நிறுவனத்துடன் கூட்டு.
>
> 2017 – பாசியின் எண்ணெய் அளவை இரு மடங்காக்கியதாக இரு நிறுவனங்களும் அறிவிப்பு.
>
> 2018 – 2025க்குள் நாளுக்கு 10,000 பீப்பாய் எடுக்கும் திறன் வரும் என்று இலக்கு.
>
> 2022 முடிவு – எக்ஸான்மொபில் நிதியை நிறுத்தியது.

காட்டாமணக்கு சொன்ன பாடம்

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று ஒதுக்க முடியாது. நம் ஊர்க் காட்டாமணக்கை அதற்குள் மறந்திருக்க மாட்டோம். தரிசு நிலத்தில் தண்ணீரே இல்லாமல் டீசல் விளையும் என்றார்கள். 2003ல் மத்தியத் திட்டக் குழு அமைத்த ஒரு குழு இதைப் பரிந்துரைத்தது. 2009ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017க்குள் 20 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. தமிழ்நாட்டிலும் நாற்றுகள் போயின, கடன்கள் போயின. வறண்ட நிலத்தில் செடி உயிரோடு இருந்தது. காய்தான் போதுமான அளவு வரவில்லை. தண்ணீர் விட்டால் காய்க்கும். ஆனால் தண்ணீர் இருக்கிற விவசாயி எதற்காகக் காட்டாமணக்கு போடப்போகிறார்? டீசலில் உயிரி டீசல் கலப்பு இன்றுவரை ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கொட்டைக்கு விலை சொன்னவர் ஒருவர், நிலத்தையும் உழைப்பையும் பணயம் வைத்தவர் இன்னொருவர். திட்டம் படுத்தபோது முதலாமவர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். செடியைப் பிடுங்கும் செலவு இரண்டாமவர் தலையில் விழுந்தது.

காட்டாமணக்கு செத்ததற்குச் செடியை மட்டும் குறை சொல்வது பாதி உண்மை. ஒரே பொருள், ஒரே வாங்குபவர், அந்த வாங்குபவர் கையில் விலை என்ற மூன்றும் சேர்ந்தால் எந்தப் பயிரும் அந்தக் கதிக்குத்தான் போகும். கடற்பாசியை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

ஒரு மிதவையை எரித்தால் என்ன கிடைக்கும்?

கடற்பாசி, நுண்பாசியைவிடக் கையாள எளிது. வடிகட்ட வேண்டாம், கையால் அறுக்கலாம். அதிலுள்ள சர்க்கரையை நொதிக்க வைத்து எத்தனால் எடுக்கலாம் என்பதை பாவ்நகரின் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, கேள்வி வேதியியலைத் தாண்டி விட்டது. பெண்களின் கைக்கு என்ன வரும் என்பதே மிச்சமுள்ள கேள்வி. அதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒரு மிதவையை எடுத்துக்கொண்டு கூட்டிக் கழித்தாலே போதும்.

> ஒரு மிதவையின் கணக்கு
>
> கட்டும் விதைப்பாசி: 60 கிலோ. வளரும் காலம்: 45 நாள்.
>
> அறுவடை: சுமார் 260 கிலோ. மறுபடி விதைக்கு ஒதுக்கியது போக 200 கிலோ.
>
> காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு: 20 கிலோ.
>
> அதில் பாதி, நொதிக்கக்கூடிய சர்க்கரை என்று தாராளமாக வைத்தாலும் 10 கிலோ.
>
> வேதியியல் விதிப்படி அதிகபட்ச எத்தனால்: 6.5 லிட்டர்.
>
> கரும்புச் சாற்று எத்தனாலுக்கு 2023-24ல் அரசு நிர்ணயித்த லிட்டருக்கு ரூ.65.61 என்ற விலையில்: சுமார் ரூ.426.

அந்த 426 ரூபாய், ஒரு துளி வீணாகாத, ஆலைச் செலவே இல்லாத கற்பனை உலகத்து விலை. உண்மையில் இந்தப் பாசியின் சர்க்கரையில் ஒரு பகுதி சாதாரண ஈஸ்டுக்கு மசியாது. ஆகவே கிடைப்பது இன்னும் குறையும். கற்பனை விலையையே எடுத்துக்கொண்டாலும் காய்ந்த பாசி கிலோவுக்கு 21 ரூபாய்தான் தேறும். அண்மை ஆண்டுகளில் கரையில் கிடைத்துவரும் விலை இதைவிடக் கணிசமாக அதிகம். காரணம், அதிலிருந்து எடுக்கும் கேராஜீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் பதப்படுத்திய உணவிலும் பொருளை இறுக்கிப் பிடிக்கும் பசையாக உலகமெங்கும் விலை போகிறது. பாசியை ஈரத்தோடு பிழிந்தால் வரும் சாறு, பயிர் ஊக்கியாக வயலுக்குப் போகிறது. உலகில் ஆண்டுக்கு 3.5 கோடி டன்னுக்கு மேல் பாசி வளர்க்கப்படுகிறது. பெரும்பகுதி சீனாவிலும் இந்தோனேசியாவிலும். அவர்களும் அதை உணவுக்கும் பசைக்கும்தான் வளர்க்கிறார்கள். பாசியை நேராக எத்தனால் ஆலைக்கு அனுப்புவது, தேக்கை வெட்டி அடுப்பில் வைப்பதற்குச் சமம்.

அப்படியானால் எரிபொருளுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, கடைசி வரிசையில். சாறு பிழிந்து, பசை எடுத்த பிறகும் ஒரு சக்கை மிஞ்சும்; அலையில் அறுந்து கரை ஒதுங்கும் பாசியும், அழுகிய விதையும் மிஞ்சும். அதைச் சாணத்தோடு கலந்து சாண எரிவாயுக் கலனில் போடலாம். உப்பும் கந்தகமும் கூடுதல் என்பதால் அளவு பார்த்துத்தான் கலக்க வேண்டும், வாயுவை வடித்துத்தான் எரிக்க வேண்டும். அந்த வாயு சந்தைக்குப் போகாது. பாசி உலர்த்தும் கூடத்துக்கும், கரையோர வீடுகளின் அடுப்புக்கும் போகும். விற்கிற எரிபொருள் உலகச் சந்தையோடு மல்லுக்கட்ட வேண்டும். வீட்டில் எரிகிற எரிபொருள், வாங்கவேண்டிய சிலிண்டரோடு போட்டியிட்டால் போதும். குஜராத்தின் ஆனந்த் வட்டாரத்தில், தேசியப் பால்வள வாரியத்தின் துணையோடு சக்கரியாபுராப் பெண்கள் செய்வது ஏறக்குறைய இதுதான்: சாண வாயு வீட்டு அடுப்புக்கு, கலனிலிருந்து வெளிவரும் கரைசல் கூட்டுறவு வழியாக உரச் சந்தைக்கு. எரிபொருளில் செலவு மிச்சம், துணைப்பொருளில் வருமானம்.

கயிறு யார் கையில்?

மண்டபம் கரையில் வகுத்த முறையே அழகானது. ஒருவருக்கு 45 மிதவை. பாசி வளர 45 நாள். ஆக நாளுக்கு ஒரு மிதவை அறுவடை. ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு. சுயஉதவிக் குழு, வங்கிக் கடன், மானியம் எல்லாம் சேர்ந்து, கடலுக்குள் கால் வைக்கவே இடம் தராத ஒரு தொழிலில் பெண்களுக்கு மாதச் சம்பாத்தியம் தந்தது. ஆனால் குழுவின் எல்லை உலர்ந்த பாசி மூட்டையோடு முடிகிறது. அதற்குப் பிறகு பிழிவது, வடிப்பது, பாட்டிலில் அடைப்பது, பெயர் ஒட்டுவது எல்லாம் வேறு கைகள். விவசாயிகளின் மாபெரும் கூட்டுறவான இஃப்கோ, 'சாகரிகா' என்ற பெயரில் கடற்பாசிச் சாற்றை நாடெங்கும் விற்கிறது. பாட்டிலை வாங்கும் உழவருக்கு ஒரு கூட்டுறவு இருக்கிறது. பாசியை வளர்த்தவளுக்கு மூட்டைக்கு விலை மட்டும் இருக்கிறது.

பால் இந்த வழியாகத்தான் வந்தது. கேடா மாவட்ட உழவர்கள் 1946ல் சங்கம் சேர்ந்தபோது அவர்களிடம் புதிய மாடோ புதிய புல்லோ இல்லை. பாலைக் காய்ச்சிப் பொடியாக்கும் ஆலை தங்களுடையது என்ற ஒரு மாற்றம்தான் அமுலை உண்டாக்கியது. அதே கேடாவில் துண்டி என்ற சிற்றூரில் 2016ல் ஆறு உழவர்கள் சூரிய மின் மோட்டார்க் கூட்டுறவு தொடங்கினார்கள். வயலுக்குப் பாய்ச்சியது போக மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கு யூனிட் ரூ.4.63க்கு விற்க ஒப்பந்தம். தேவைக்கு மேல் தண்ணீர் இறைத்தால் விற்கும் மின்சாரம் குறையும் என்பதால், நிலத்தடி நீரைக் காக்கும் காவலும் அந்த ஒப்பந்தத்திலேயே அமைந்துவிட்டது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, கடன் வாங்கிச் சொந்தமாகக் காற்றாலை நிறுவி, தன் தேவை போக மிச்ச மின்சாரத்தை விற்றது. மூன்று இடத்திலும் தொழில்நுட்பம் வேறு வேறு. பொருளை உண்டாக்கியவரே அதன் அடுத்த கட்டத்தையும் வைத்திருந்தார் என்பது மட்டும் பொது.

> கரையில் வழங்கும் பெயர்கள்
>
> மரிக்கொழுந்துப் பாசி – ஜெலிடியெல்லா, அகர் எடுக்க. காட்டுப்பாசியில் மதிப்பு மிக்கது.
>
> கஞ்சிப்பாசி – கிரேசிலேரியா. அகருக்கும், பெயருக்கேற்பக் கஞ்சிக்கும்.
>
> கட்டக்கோரை – சர்காசம். துணிச் சாயத்தைக் கெட்டியாக்கும் ஆல்ஜினேட் எடுக்க.
>
> பெப்சி பாசி – கப்பாபைகஸ். வெளியிலிருந்து வந்த இனம். கேராஜீனனும் பயிர்ச் சாறும்.

'கூட்டுறவா? வேண்டாம் சாமி!'

இந்தக் குரல் எழும், எழ வேண்டும். கரும்புப் பணம் நிலுவை வைத்த கூட்டுறவு ஆலைகளையும், தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் கையில் கிடந்த சங்கங்களையும் பார்த்த தமிழ்நாட்டு உழவருக்கு அந்தச் சொல்லே கசக்கும். ஆனால் அங்கே தோற்றது கூட்டுறவு என்று சொல்வது சரியா? உறுப்பினருக்கு ஓட்டும் இல்லை, கணக்கும் இல்லை என்றால் அது கூட்டுறவுப் பலகை மாட்டிய அரசு அலுவலகம். பாசிக்குப் புதிய சங்கம் வந்தால் அதன் முதல் விதி, வளர்ப்பவரைத் தவிர வேறு யாருக்கும் ஓட்டு இல்லை என்பதாக இருக்க வேண்டும். ஒழுங்காக நடத்தும் திறமை இந்தப் பெண்களுக்கு உண்டா என்று கேட்பவர்களுக்குப் பதில் தென்கடலில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் காட்டுப்பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாளுக்கு மேல் எடுப்பதில்லை, பாறையை இரும்பால் சுரண்டுவதில்லை என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது.

இரண்டாவது ஆட்சேபம் சூழலைப் பற்றியது, அது எளிதில் தள்ளக்கூடியதல்ல. கப்பாபைகஸ் நம் கடல் இனம் இல்லை. குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் அது படர்ந்திருப்பதை 2008லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மூச்சு முட்டும் பவளம் சாகும். பவளம் செத்தால் மீன் போகும். மீன் போனால் இதே கரைதான் பட்டினி கிடக்கும். தமிழக அரசு 2005லேயே இந்தப் பாசியை மன்னார் வளைகுடாவுக்குள் வளர்க்கவிடாமல், பாக் விரிகுடாப் பக்கத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் ஒதுக்கியது. அந்த எல்லைக்கோட்டைத் தளர்த்தும் எந்தத் திட்டத்தையும் ஏற்கக் கூடாது. உள்ளூர் இனங்களான கஞ்சிப்பாசியையும் மரிக்கொழுந்தையும் மிதவையில் வளர்க்கும் முறைகளுக்கே ஆராய்ச்சிப் பணம் முதலில் போகவேண்டும். தொலைவிலிருந்து மூட்டை வாங்கும் நிறுவனத்துக்கு ஒரு தீவு போனால் இன்னொரு தீவு. தென்கடலிலேயே மீனும் பிடிக்கிற குடும்பத்துக்கு வேறு கடல் கிடையாது. காவலுக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

மூன்றாவது, வெப்பம். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 டன் காய்ந்த பாசி என்று இருந்த உற்பத்தி, 2013ஐ ஒட்டிக் கடல் சூடேறி நோய் தாக்கியதில் மளமளவென்று சரிந்தது. விதைப்பாசியே மிஞ்சாமல் குழுக்கள் கலைந்தன. வாடைக்காற்று மாதங்களில் எப்படியும் மிதவையைக் கரையேற்ற வேண்டும். தனித்தனிக் குழுவுக்கு இப்படி ஓர் ஆண்டு போனால் வட்டிக்கடைதான் கதி. நல்ல ஆண்டின் லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கவும், நாலு இடத்தில் விதைப்பாசியைக் காக்கவும், பாசி இல்லாத மாதத்தில் வேறு வேலை தரவும் ஒரு பெரிய சங்கத்தால் மட்டுமே முடியும். 'நாளைக்கே நுண்பாசி எண்ணெய் மலிந்துவிட்டால்?' என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். மலிந்தால் நல்லது, அன்றைக்குக் குளம் வெட்டவும் ஆலை வைக்கவும் கணக்குப் பார்க்கவும் பழகிய ஒரு சங்கம் தயாராக இருக்கும். எண்ணெய் வரும்வரை காத்திருந்து சங்கம் அமைத்த ஊருக்கு அந்த வாய்ப்பு இருக்காது.

வலமாவூரில் என்ன எழுதப்போகிறோம்?

2021-22 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2023ல் அடிக்கல் நாட்டப்பட்ட கடற்பாசிப் பூங்காவின் மதிப்பு ரூ.127 கோடிக்கு மேல். சுவர் எழுப்புவது சுலபம். பங்குப் பத்திரத்தில் யார் பெயர் என்பதில்தான் அதன் தலையெழுத்து இருக்கிறது. அரசு மூன்று காரியம் செய்யலாம். பூங்காவில் வரும் ஒவ்வொரு பிழிசாறு, பசை ஆலையிலும் வளர்ப்போர் கூட்டுறவுக்குப் பங்கு என்பதை நிலம் ஒதுக்கும் நிபந்தனையாக்கலாம். பாலுக்குக் கொழுப்புச் சத்து பார்த்து விலை போடுவதுபோல, பாசிக்கும் ஈரப்பதமும் பசை அளவும் பார்த்துக் கரையிலேயே எழுதிப்போடும் விலைமுறை கொண்டுவரலாம். வெப்பமும் புயலும் தின்ற ஆண்டுக்கென ஒரு காப்பு நிதியை முதல் நாளிலிருந்தே சேர்க்கலாம். சக்கையிலிருந்து வாயு எடுக்கும் கலன் நாலாவதாக, அதன் பிறகு வரட்டும்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை 'பாசியில் ஓடும் கார்' என்று தலைப்பு வந்தால், அந்தப் பாசியை வளர்த்தவருக்கு ஆலையில் எத்தனை பங்கு என்று கேளுங்கள். பதில் 'இல்லை' என்று வந்தால் அது இன்னொரு காட்டாமணக்கு.